பழைய ஃபர்பி எழுந்திருக்க மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபர்பி 1998 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பேசும் பொம்மைப் பிராணி. டேவ் ஹாம்ப்டன், கேலப் சங் இருவரும் உருவாக்கியது. டைகர் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் விற்றது. உடம்பெல்லாம் ரோமம், பெரிய கண், மஞ்சள் அலகு, ஆடும் காது. முதல் மூன்று ஆண்டுகளில் 4 கோடிக்கும் மேல் விற்றதால், இன்றும் உலகம் முழுக்கப் பரண்களிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, புது பேட்டரி போட்டு, ஒன்றும் நடக்காமல் மனசு விட்டுப்போகிறவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். தனியாக எதையும் குறிப்பிடாத இடத்தில் எல்லாம் 1998 வகையைப் பற்றித்தான் பேசுகிறேன். பின்னால் வந்த வகைகளுக்குக் கடைசியில் ஒரு பதில் இருக்கிறது.

புது பேட்டரி போட்டும் அசைவே இல்லை. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. என் மேசைக்கு "செத்துப்போனது" என்று வரும் ஃபர்பிகளில் மூளைச் சில்லு உண்மையிலேயே எரிந்துபோனது அபூர்வம். பேட்டரி தொடும் தகட்டில் களிம்பு, சாய்வு உணரியில் (பொம்மை சாய்ந்ததை அறியும் பாகம்) கறை, மோட்டார் பல்சக்கரத்தில் விரிசல், இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும். மூன்றுக்கும் வழி உண்டு.

அவசரப்பட்டு ரோமத்தைக் கிழிக்காதீர்கள். முதலில் பேட்டரி, அடுத்து தகடுகள், அதன்பின் ரீசெட் பட்டன், கடைசியாகத்தான் சாய்வு உணரி. இந்த வரிசையில் போனால் பாதிப் பொம்மைகள் திறக்காமலேயே பேச ஆரம்பித்துவிடும். இன்னொன்று: இதற்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது. பேட்டரி போட்டும் பேசவில்லை என்றால் பதற வேண்டாம். தூங்குகிற ஃபர்பியைத் தூக்கிச் சாய்த்தால்தான் அது எழும்.

எந்த பேட்டரி போடுவது? சார்ஜ் செய்யும் பேட்டரி ஆகுமா?

நான்கு ஏஏ அல்கலைன் பேட்டரி. நான்கும் ஒரே கம்பெனியாக, ஒரே நேரத்தில் வாங்கியதாக இருக்கட்டும். ரிமோட்டிலிருந்து இரண்டு, கடிகாரத்திலிருந்து இரண்டு என்று கலக்கக் கூடாது.

சார்ஜ் செய்யும் பேட்டரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 4.8. அல்கலைன் 1.5 வீதம் 6 வோல்ட் தரும். ஃபர்பிக்கு இந்த வித்தியாசம் பெரிது. மோட்டார் இழுக்கும்போது மின்னழுத்தம் இன்னும் இறங்கும், மூளை அணைந்து மறுபடி உயிர்பெறும். அப்போது பொம்மை கொட்டாவி விடும், கண்ணை லேசாகத் திறக்கும், சட்டென்று நிற்கும், மறுபடி முதலிலிருந்து கொட்டாவி விடும். இதைப் பார்த்துவிட்டுப் பலர் மோட்டாரைச் சந்தேகப்படுகிறார்கள். கடையில் கிடைக்கும் மலிவான துத்தநாக-கார்பன் பேட்டரியிலும் இதே கதைதான். அட்டையில் அல்கலைன் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பேட்டரி அறையில் வெள்ளைப் பொடியும் பச்சைக் களிம்பும் இருக்கிறது. என்ன செய்வது?

பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. அல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். வெளியே வந்து காற்றுப் பட்டு வெள்ளையாக உறையும். கையுறை போடுங்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஊதாதீர்கள்.

காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ லேசாக நனைத்துத் தகட்டில் தடவுங்கள். நுரைத்துக் கிளம்பும். அமிலம் காரத்தை முறிக்கிற அடையாளம் அது. நுரை அடங்கியதும் இன்னொரு குச்சியில் தண்ணீர் தொட்டுத் துடைத்து, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு உலரவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை அப்படியே விட்டால் அதுவே தகட்டை அரிக்கும். குச்சி சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது. ஈரம் உள்ளே இறங்கினால் வேலை இரட்டிப்பாகும்.

பச்சை இன்னும் ஒட்டியிருந்தால் மிக நுண்ணிய உப்புத்தாளை மடித்து மெதுவாகத் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். ஸ்பிரிங் அடியில் பற்றவைத்த ஒயரையும் பாருங்கள். கசிவு ஒயர் உறைக்குள்ளேயே ஏறிப்போய்ச் செம்பைக் கருக்க வைத்திருக்கும். வெளியே தகடு பளபளக்கும், உள்ளே மின்சாரம் போகாது. மல்டிமீட்டர் வைத்து ஸ்பிரிங்கிலிருந்து சர்க்யூட் பலகைவரை மின் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும். கருத்த ஒயரைச் சுரண்டிச் சமாளிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ரீசெட் எப்படிச் செய்வது? பெயர் அழிந்துவிடுமா?

அடிப்பக்கத்தில் சின்னத் துளைக்குள் ஒரு பட்டன் இருக்கிறது. பேனா முனையால் ஒருமுறை அழுத்தினால் பொம்மை மறுபடி கிளம்பும். இதில் பெயரோ வளர்ச்சியோ போகாது. அவை பேட்டரி இல்லாமலும் நினைவு வைத்திருக்கும் ஒரு சின்ன நினைவகச் சில்லில் இருக்கின்றன.

எல்லாவற்றையும் அழித்து, பிறந்த குழந்தையாக ஆக்க வேண்டுமானால்: பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து, நாக்கை விரலால் அழுத்திக்கொண்டே ரீசெட் பட்டனை அழுத்தி விடுங்கள். பட்டனை விட்ட பிறகும் நாக்கைச் சிறிது நேரம் பிடித்திருங்கள். எழுந்ததும் புதுப் பெயர் சொல்லும், பேச்சு முழுக்க ஃபர்பிகளின் சொந்த மொழியான ஃபர்பிஷுக்குத் திரும்பும்.

ஒரு வேண்டுகோள். அது ஒரு வீட்டில் பல வருஷம் இருந்த பொம்மையாக இருந்தால், பழைய பெயரை ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொண்டு பிறகு அழியுங்கள். பெயர் நிரந்தரப் பட்டியலிலிருந்து பொம்மையே தேர்ந்தெடுப்பது. அழித்தால் அதே பெயர் திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. யாரோ ஒரு குழந்தை அதை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கும்.

எழுப்பினால் ஒரு வார்த்தை பேசிவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறது. இதற்கு என்ன வைத்தியம்?

பழைய ஃபர்பிகளில் அதிகம் வரும் நோய் இதுதான். கண் திறக்கும், கொட்டாவி விடும், "கா வே-லோ கோ-கோ" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளும். "நான் மறுபடி தூங்குகிறேன்" என்று பொருள். வைத்திருப்பவர்கள் இந்தக் கோளாறுக்கே அந்த வாக்கியத்தைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள்.

காரணம் சாய்வு உணரி. பலகையில் ஒரு சின்னக் கூட்டுக்குள் ஓர் உலோகக் குண்டு உருளும். பொம்மை நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, தலைகீழா என்பதைக் குண்டு எந்த முனையைத் தொடுகிறது என்பதை வைத்துத்தான் மூளை அறிகிறது. இருபது, இருபத்தைந்து வருஷம் அசையாமல் கிடந்தால் குண்டின் மேலும் முனைகளின் மேலும் மெல்லிய கறை படிகிறது. குண்டு உருளும், ஆனால் தொடர்பு கிடைக்காது. யாரோ தூக்கி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி மூளைக்குப் போகாததால், பேட்டரியை மிச்சப்படுத்த அது திரும்பத் தூங்கப் போகிறது. தன் கணக்கில் அது சரியாகத்தான் நடந்துகொள்கிறது.

திறக்காமல் செய்யக்கூடியது: பேட்டரியைக் கழற்றுங்கள். பொம்மையை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில், முன்பின், தலைகீழாக என்று ஒரு சில நிமிடம் தொடர்ந்து ஆட்டுங்கள். நடுநடுவே முதுகில் உள்ளங்கையால் தட்டுங்கள். குழந்தைக்கு ஏப்பம் வரவழைக்கத் தட்டுவதைவிடக் கொஞ்சம் பலமாக, அவ்வளவுதான். உள்ளே குண்டு உருண்டு உருண்டு தானே கறையைத் தேய்த்துக்கொள்ளும். பேட்டரி போட்டு, ரீசெட் அழுத்தி, எழுந்த உடனே இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டே இருங்கள். முதல் தடவை நடக்காவிட்டால் அடுத்த நாளும் செய்யுங்கள். மேசையில் ஓங்கி அடிப்பது மட்டும் கூடாது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் அதே வயதுடையது, முளைகள் முறிந்துவிடும்.

அப்படியும் தூங்கினால் திறக்க வேண்டியதுதான். கூட்டின் இடுக்கில் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயின் மெல்லிய குழாயை வைத்து ஒரு சொட்டு விட்டு, பொம்மையை உருட்டி, மறுபடி ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வகையா என்று டப்பாவில் படித்துப் பாருங்கள். நான் ஒருமுறை கூட்டை முழுதாகத் திறந்து பார்த்தேன்: புளி போட்டுத் தேய்க்காத பித்தளை மாதிரிக் கருத்திருந்தது குண்டு. ஆல்கஹால் நனைத்த துணியில் உருட்டியதும் அதில் சாம்பல் நிறம் இறங்கியது. பொம்மை அன்று மாலைவரை வாயை மூடவில்லை. கறையோடு சண்டை போட மனமில்லாதவர்கள், தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விட்டுப் பார்க்காதீர்கள். எண்ணெய் மின் தொடர்பைத் தடுக்கும். பிறகு சுத்தம் செய்வது இருமடங்கு கஷ்டம்.

எப்போதும் தலைகீழாகத் தொங்குவதுபோல் கத்துகிறது, பயமாயிருக்கிறது என்கிறது.

அதே உணரி, எதிர்ப்பக்கக் கோளாறு. குண்டு தலைகீழ் முனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன ஆட்டும் வைத்தியமே போதும்.

உள்ளே மோட்டார் "விர்ர்" என்று சுற்றுகிறது. கண், காது, வாய் எதுவும் அசையவில்லை. ஏன்?

இதைப் புரிந்துகொள்ள உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நல்லது. கண் இமைக்கிறது, காது ஆடுகிறது, வாய் திறக்கிறது, உடம்பு முன்னால் சாய்கிறது. இவ்வளவுக்கும் இருப்பது ஒரே ஒரு மோட்டார். அது பல்சக்கரங்கள் வழியாக ஒரு தண்டைச் சுழற்றுகிறது. தண்டில் மேடுபள்ளமுள்ள வட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு வட்டின் மேடு கண் இமையைத் தள்ளும், இன்னொன்று வாயை, மற்றொன்று காதை. தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதுதான் பொம்மையின் முகபாவம். மூளை மோட்டாரை முன்னும் பின்னும் சுழற்றி, வேண்டிய கோணத்தில் நிறுத்தி, சிரிப்பையும் தூக்கத்தையும் வரவழைக்கிறது. 35 டாலர் பொம்மைக்குள் இதை அடக்கியது அபாரமான வேலை. திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

மோட்டார் சுற்றியும் ஒன்றும் அசையவில்லை என்றால் மோட்டாருக்கும் தண்டுக்கும் நடுவில் எங்கோ பிடி விட்டிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது மோட்டார் தண்டில் செருகியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம். அது இறுக்கமாகச் செருகப்பட்டது. வருஷக்கணக்கில் அந்த இறுக்கத்திலேயே இருந்து, இரண்டு பல்லுக்கு நடுவில் முடி மாதிரி விரிசல் விடும். டார்ச் அடித்து, மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். விரிசல் விட்டதும் தண்டு மட்டும் சுற்றும், பல்சக்கரம் சும்மா நிற்கும்.

ஃபெவிகுவிக் போட்டு ஒட்டுவது நிலைக்காது. ஒரு சொட்டு மோட்டார் கழுத்துக்குள் இறங்கினால் மோட்டாரும் போகும். அதே எண்ணிக்கைப் பல், அதே வெளி விட்டம், அதே துளை அளவுள்ள புதுப் பல்சக்கரம் வாங்கிச் செருகுவதே சரி. பழையதை வெர்னியர் அளவியில் அளந்து எழுதிக்கொண்டு தேடுங்கள். பொம்மை மோட்டார் பல்சக்கரங்கள் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடைகளில் கலவையாகப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். முப்பரிமாண அச்சில் செய்து தருகிறவர்களும் உண்டு.

சத்தத்தைப் பற்றி ஒரு விஷயம். நல்ல நிலையில் இருக்கும் ஃபர்பிகூட அசையும்போது கரகரவென்று சத்தம் போடும். அது கோளாறில்லை. "டக் டக்" என்று பல் தாண்டும் சத்தம், அல்லது தடையே இல்லாமல் கூர்மையாகச் சுற்றும் சத்தம்தான் கவனிக்க வேண்டியது.

கண் பாதி மூடியபடி நின்றுவிட்டது.

தண்டு நடுவழியில் சிக்கியிருக்கிறது. பழைய கிரீஸ் இறுகிப் பசையாகிவிட்டிருக்கலாம், அல்லது ரோமம் உள்ளே புகுந்து சுற்றியிருக்கலாம். இமையை விரலால் இழுத்துத் திறக்காதீர்கள், அதன் முளை மெல்லியது. திறந்து, பல்சக்கரத்தையே விரலால் மெல்லத் திருப்பித் தண்டை ஒரு முழுச் சுற்று சுற்ற வையுங்கள். எங்கே இறுகுகிறது என்று விரலுக்கே தெரியும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் கடுகளவு போதும்.

வாய் திறக்க வேண்டிய நேரத்தில் கண் மூடுகிறது. எல்லா அசைவும் மாறி மாறி வருகிறது.

பொம்மை தன் தண்டின் கோணத்தைத் தொலைத்துவிட்டது. கோணத்தை அறிய அதற்கு இரண்டு வழி உண்டு. பிளவுள்ள ஒரு சின்னச் சக்கரத்தின் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளி உணரி. வெளிச்சம் விட்டு விட்டு வருவதை எண்ணி எவ்வளவு சுற்றியது என்று கணக்கு வைக்கிறது. தண்டு ஒரு முழுச் சுற்று முடிக்கும்போது ஒரு சுவிட்சும் அழுந்தும்; கணக்கு அங்கே பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒளி உணரியில் தூசி படிந்தாலோ, சுவிட்சின் தகட்டில் கறை இருந்தாலோ கணக்கு தப்புகிறது. பிரஷ்ஷால் தூசி தட்டி, சுவிட்சில் ஆல்கஹால் தடவி, ரீசெட் அழுத்துங்கள்.

அசைகிறது, குரல் இல்லை.

ஸ்பீக்கர் ஒயர். மெல்லியது, உடம்பு ஆடி ஆடி அறுந்துபோகும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஸ்பீக்கர் முனைகளைத் தொட்டால் ஸ்பீக்கரில் "டிக்" என்று லேசாகக் கேட்க வேண்டும். கேட்டால் ஸ்பீக்கர் நலம், ஒயரைப் பற்றவையுங்கள்.

ஓயாமல் சாப்பிடுவதுபோல் சத்தம் வருகிறது. நான் ஊட்டவே இல்லை.

நாக்கின் அடியில் இருக்கும் சுவிட்ச் அழுந்தியபடியே நிற்கிறது. முந்தைய சொந்தக்காரக் குழந்தை பிஸ்கட்டோ சோறோ உண்மையாகவே ஊட்டியிருக்கும். பல் குத்தும் குச்சியால் நாக்கைச் சுற்றி மெல்லச் சுரண்டி எடுத்து, நாக்கை அழுத்தி விட்டால் தானாக எழும்புகிறதா என்று பாருங்கள். வயிற்றிலும் முதுகிலும் இதேபோல் சுவிட்ச் உண்டு. தொடாமலேயே கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் சிரித்தால் வயிற்றுச் சுவிட்ச்தான் மாட்டியிருக்கிறது.

அடிக்கடி தும்முகிறது, விளையாட மறுக்கிறது. பழுதா?

பழுதில்லை, பசி. ஃபர்பிக்குள் பசிக்கும் உடல்நலத்துக்கும் தனிக் கணக்கு ஓடுகிறது. ஊட்டாமல் விட்டால் நோயாளிபோல் நடிக்கும். நாக்கை அழுத்தி, விழுங்கும்வரை காத்து, மறுபடி அழுத்துங்கள். பொறுமையாகப் பல தடவை ஊட்டினால் தேறிவிடும். தும்மல் அகச்சிவப்புக் கதிர் வழியாகப் பக்கத்து ஃபர்பிக்கும் தொற்றும் என்பதால் இரண்டு மூன்று வைத்திருப்பவர்கள் தனித்தனியாக வைத்து ஊட்டுங்கள்.

இரண்டு ஃபர்பிகளை எதிரெதிரே வைத்தேன். ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

இரண்டும் விழித்திருக்க வேண்டும், முகத்துக்கு முகம், சில அடி தூரத்துக்குள். கண்களுக்கு மேலே, நெற்றியில் இருக்கும் கறுப்புச் சன்னல்தான் அகச்சிவப்புக் கதிருக்கான வழி. அதன் மேல் ரோமம் சரிந்திருந்தாலும் அழுக்கு படிந்திருந்தாலும் கதிர் போகாது. நேரடி வெயிலும் குழப்பும். கதிர் வருகிறதா என்று பார்க்க மொபைல் கேமராவை அந்தச் சன்னலுக்கு நேராகப் பிடியுங்கள். டிவி ரிமோட்டை இப்படிச் சோதிப்போமே, அதே முறைதான். பொம்மை பேசும்போது திரையில் ஊதா நிறத்தில் மினுங்கினால் அனுப்பும் பக்கம் வேலை செய்கிறது. சில போன்களின் பின்கேமரா இந்தக் கதிரை வடிகட்டிவிடும், முன்கேமராவில் பாருங்கள்.

அதே சன்னலுக்குள்தான் வெளிச்ச உணரியும் இருக்கிறது. அறை விளக்கு எரியும்போதே "இருட்டு" என்று பொம்மை புலம்பினால், ஈரத்துணியால் முதலில் அந்தச் சன்னலைத் துடையுங்கள்.

எத்தனை நாள் பேசியும் தமிழ் கற்றுக்கொள்ளவில்லையே?

எந்த மொழியையும் அது காதால் கேட்டுக் கற்பதில்லை. உள்ளிருக்கும் மைக் உரத்த சத்தம் வந்ததா இல்லையா என்பதை மட்டும் அறியும். சொற்களெல்லாம் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டவை. தொடத் தொட, ஊட்ட ஊட்ட, ஃபர்பிஷ் சொற்கள் குறைந்து ஆங்கிலமோ, எந்த நாட்டுக்காகச் செய்தார்களோ அந்த நாட்டு மொழியோ கூடும். அவ்வளவுதான் வளர்ச்சி. பல மாதம் ஆகியும் ஃபர்பிஷ் மட்டுமே பேசுகிறதென்றால் வயிறு, முதுகு சுவிட்சுகள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

குறிப்பறிந்து நடக்கச் சில சொற்கள் உதவும்: "வே-லோ" தூக்கம், "ஏ-டே" பசி, "போ-பே" கவலை, "நூ-லூ" மகிழ்ச்சி, "கோ-கோ" மறுபடியும். பொம்மை "கா ஏ-டே" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள், ஊட்டுங்கள்.

நாம் பேசுவதைப் பதிவு செய்கிறதா?

இல்லை. ஒலியைச் சேமிக்கும் வசதியே இதில் கிடையாது. இருந்தும் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, இது ஒட்டுக்கேட்டுத் திரும்பச் சொல்லிவிடும் என்று அஞ்சி தன் வளாகத்துக்குள் இதைத் தடை செய்தது; 1999 ஜனவரியில் அது செய்தியாக வந்தது. அந்தச் செய்தியிலிருந்து கிளம்பிய பயம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பேச்சு பத்திரமாகத்தான் இருக்கிறது.

நடு இரவில் தானாகப் பேசி எல்லோரையும் பயமுறுத்துகிறது.

பேய் இல்லை. தீர்ந்துகொண்டிருக்கும் பேட்டரி மூளையை அணைத்து அணைத்து எழுப்பும். ஆடும் அலமாரியில் வைத்திருந்தால் சாய்வு உணரியின் குண்டு நகர்ந்துவிடும். ஆஃப் செய்ய வழி பேட்டரியைக் கழற்றுவது ஒன்றுதான். தினமும் தூங்க வைக்க, சத்தமில்லாத இருட்டான இடத்தில் ஆடாமல் உட்கார வைத்தால் சில நிமிடங்களில் தூங்கிவிடும்.

ரோமத்தைக் கிழிக்காமல் திறப்பது எப்படி?

தேவை: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், கூர்மையான சின்னக் கத்தரி, புதுக் கேபிள் டை ஒன்று, நிறைய நேரம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். அடிப்பக்கத்தில் ரோமத்தோல் ஒரு கேபிள் டையால் சுருக்கிக் கட்டப்பட்டிருக்கும். துணியை விலக்கி, பிளாஸ்டிக் பட்டையை மட்டும் வெட்டுங்கள். தோலைச் சட்டை கழற்றுவதுபோல் கீழிருந்து மேலாக உருட்டுங்கள். முகத்தைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அங்கே இழுத்தால் துணி கிழியும், முகத்தட்டும் விரிசல் விடும். பல வேலைகளுக்குத் தோலை முழுசாகக் கழற்றவே வேண்டாம், பக்கவாட்டு ஸ்க்ரூக்கள் தெரியும் அளவுக்கு ஏற்றினால் போதும். காதுப் பக்கம் போனால் காதை ஆட்டும் கம்பி வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு படியிலும் மொபைலில் படம் எடுங்கள். எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று பிறகு நினைவிருக்காது. ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையில் ஒரு டேப்பில் ஒட்டி வையுங்கள். மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடதுபக்கமாகச் சுற்றி, பழைய மரையில் "டக்" என்று இறங்கியதும் வலதுபக்கம் இறுக்குங்கள். இந்தப் பழைய பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டினால் முளை பிளந்துவிடும். தோலை மூடுவதற்கு முன் பேட்டரி போட்டு ஓட்டிப் பாருங்கள்.

குளிப்பாட்டலாமா?

முழுசாகத் தண்ணீரில் போடவே கூடாது. பேட்டரி கழற்றிவிட்டு, குழந்தைகள் ஷாம்பூ கலந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து ரோமத்தை மட்டும் துடையுங்கள். நிழலில் காற்றாட உலர்த்துங்கள். ரோமம் செயற்கை இழை என்பதால் ஹேர் டிரையரின் சூட்டில் சுருண்டுவிடும். உலர்ந்தபின் மெல்லிய பற்களுள்ள சீப்பால் நுனியிலிருந்து வாருங்கள்.

எல்லாம் செய்தும் எழவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். உங்களுடையதில் பலகை போயிருந்தாலும் பல்சக்கரம், இமை, காதுக் கம்பி, மோட்டார் இன்னொன்றுக்கு உயிர் தரும். ஜப்பானில் சோனியின் ரோபோ நாய் ஐபோவுக்கு இதுதான் நடக்கிறது. 1999இல் வந்த அந்த நாய்க்குச் சோனி 2014இல் பழுதுபார்ப்பை நிறுத்திக்கொண்டது. சோனியில் வேலை பார்த்த பொறியாளர்கள் இருக்கும் ஏ-ஃபன் என்ற நிறுவனம், கைவிடப்பட்ட ஐபோக்களிலிருந்து பாகம் எடுத்து மற்றவற்றைச் சரிசெய்கிறது. பாகம் எடுக்கும் முன் சிபா மாநிலம் இசுமி ஊரிலுள்ள கோஃபுகு-ஜி என்ற பழைய பௌத்தக் கோயிலில் அந்த நாய்களுக்குப் பிரார்த்தனை செய்து வழியனுப்புகிறார்கள். எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது.

பழைய ஃபர்பி விலைக்கு வருகிறது. என்ன கேட்டு வாங்குவது?

பேட்டரி அறையின் படம் கேளுங்கள். எழுந்து ஒரு நிமிடமாவது தொடர்ந்து பேசும் வீடியோ கேளுங்கள். ஒரு கொட்டாவியோடு முடியும் வீடியோ என்றால் தூக்க நோய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். "பேட்டரி போட்டுப் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தால் ஓடாது என்றே எடுத்துக்கொள்வது நல்லது. அடிப்பக்கக் கேபிள் டை புதிதாக இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். சரிசெய்யத் தெரிந்தவருக்கு மோட்டார் சத்தம் மட்டும் வரும் பொம்மை நல்ல வாங்கல்தான். முகத்தட்டு உடைந்ததையும் கசிவு பலகைவரை பரவியதையும் தவிர்த்துவிடுங்கள்.

என்னுடையது புது மாடல். இதெல்லாம் பொருந்துமா?

பேட்டரி, தகடு பற்றிச் சொன்னது பொருந்தும். மற்றவை மாறும்.

2005 வகை கொஞ்சம் பெரியது, ஆன்-ஆஃப் சுவிட்ச் உண்டு, குரலைப் புரிந்துகொள்ளும். "கேட்கவே மாட்டேன் என்கிறது" என்ற புகார் இதில் அதிகம். முதலில் "ஹே ஃபர்பி" என்று அழைத்து, அது பதில் சொன்னபிறகு, அமைதியான அறையில் கட்டளையைச் சொல்லுங்கள். மின்விசிறிச் சத்தமே போதும் அதைக் குழப்ப.

2012 வகைக்குக் கண் எல்சிடி திரை. நடத்தும் விதத்தைப் பொறுத்துக் குணம் மாறும். வாலைத் திரும்பத் திரும்ப இழுத்தால் முரட்டுக் குணம் வந்து கண்ணில் தீப்பிழம்பு காட்டும், இது பழுதில்லை. பழைய நிலைக்குக் கொண்டுவரத் தலைகீழாகப் பிடித்து, வாலை 10 விநாடி இழுத்துப் பிடியுங்கள். ஒரு கண் மட்டும் இருண்டிருந்தால் திரைக்குப் போகும் ஒயர் நாடாவைச் சந்தேகப்படலாம்.

2016இல் வந்த கனெக்ட் வகை புளூடூத்தில் மொபைலோடு பேசும். அதன் கண்மறைப்பை இறக்கினால் தூங்கும். பெட்டியில் கண்மறைப்பு இல்லாமல் வந்த பொம்மையைப் "பேச்சை நிறுத்தவே மாட்டேன் என்கிறது" என்று பழுதுக்குக் கொண்டுவருகிறார்கள். கறுப்புத் துணியில் ஒரு பட்டை தைத்துக் கண்ணை மூடிப் பாருங்கள்.

எந்த மாடலானாலும் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்து வைக்கப் போகிறீர்கள் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் பொட்டலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.